எபி மண்டியிட மாட்டான்

என் அண்ணன் எபினேசருக்கு அநியாயம் நடந்திருக்கிறது, அக்கா. சீசன் பாதியில், இரண்டு கோலுக்கு அவனே வழி செய்துகொடுத்த ஆட்டம் முடிந்த மறுநாளே, "ஒழுங்கீனம்" என்று ஒற்றை வார்த்தையைப் போட்டுக் கிளப்பிலிருந்து அனுப்பிவிட்டார்கள். என்ன ஒழுங்கீனம், எப்போது, யாரிடம் என்று ஒரு விளக்கமும் கிடையாது. கிளப் பேரைக் கேட்காதீர்கள். நான் உங்களிடம் சொல்லி, நீங்கள் இன்னொருவரிடம் சொல்லி, நாளைக்கு எனக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். சென்னையில் கால்பந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

நீங்கள் பத்திரிகையில் இல்லையே? கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வாரம் இப்படித்தான் பஸ்ஸில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் காலேஜும்மா, என்ன படிக்கிறம்மா என்று அன்பாகக் கேட்டார். மறுநாள் பார்த்தால் நான் சொன்னது அத்தனையும் ஒரு இணையதளத்தில் வந்திருக்கிறது, நான் சொல்லாததும் சேர்த்து. நீங்கள் மாமியாரை இடுப்பு ஸ்கேனுக்குக் கூட்டி வந்திருக்கிறீர்கள். அவர்கள் நடந்து வந்ததை நானே பார்த்தேன். இடுப்பை யாரும் நடிக்க முடியாது. அதனால்தான் உங்களிடம் பேசுகிறேன்.

எந்தக் கால் என்றா கேட்டீர்கள்? எந்தக் காலும் இல்லை, அக்கா. அவன் காலில் ஒன்றுமே இல்லை என்று படம் எடுத்துக் காட்டத்தான் வந்திருக்கிறோம். இந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தது நான். கிளப் சொன்ன ஆஸ்பத்திரிக்கு நான் சம்மதிக்கவில்லை. அவர்கள் சொன்ன இடத்தில் அவர்கள் சொன்ன படம்தானே வரும்? இங்கேயும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அந்த ரிசப்ஷனில் இருப்பவரைப் பாருங்கள். எபி பேரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். அவன் உள்ளே போனதும் போனை எடுத்தார். ரசிகராகவும் இருக்கலாம். ஆனால் ரசிகர் என்றால் ஒரு செல்பி கேட்டிருக்க மாட்டாரா?

என் பேர் ஹெப்சிபா. எம்.ஏ. அரசியல் அறிவியல், இரண்டாம் வருஷம். பல்கலைக்கழகத்தில் பேச்சுப் போட்டி என்றால் என்னை எதிரணியில் போடாதீர்கள் என்று மற்ற கல்லூரிக்காரர்கள் சொல்வார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. நான் ஒரு விஷயத்தை எடுத்தால் ஆதாரத்தோடு எடுப்பேன், அதற்காகச் சொல்கிறேன்.

நாங்கள் வியாசர்பாடி. இப்போது உங்கள் முகத்தில் லேசாக ஒன்று வந்து போனது, பரவாயில்லை, எல்லோருக்கும் வரும். எங்கள் ஏரியாப் பையன் பந்தை உதைத்தால் "என்ன திறமை" என்பார்கள், வாயைத் திறந்தால் "என்ன திமிர்" என்பார்கள். இதே எபி ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் படித்து, காரில் வந்து இறங்கியிருந்தால், அவன் பேசாமல் இருப்பதற்கு ஆழ்ந்த சிந்தனை என்று பேர் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டுப் பையன் பேசாமல் இருந்தால் அதற்குப் பேர் தலைக்கனம். நான் சொல்வதில் தப்பிருந்தால் சொல்லுங்கள்.

அவன் ஆடி நீங்கள் பார்த்ததில்லையே. நடுக்களத்தில் ஆடுவான். மற்றவர்கள் எல்லாம் வேர்த்து விறுவிறுத்து ஓடுவார்கள், இவன் நடந்துகொண்டிருப்பான். கல்யாண வீட்டில் பந்தி எப்போது என்று பார்க்கிறவன் மாதிரி அங்கேயும் இங்கேயும் நடப்பான். பந்து வரும். ஒரே தட்டு. அந்தப் பக்கம் யாருமே இல்லாத இடத்துக்கு அது போகும், போய்ச் சேரும்போது அங்கே நம் ஆள் நிற்பான். "சோம்பேறி மேதை" என்று ஒரு நிருபர் எழுதினார். ஓடமாட்டேன் என்கிறான், திரும்பி வந்து தடுக்கமாட்டேன் என்கிறான், என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் இவன் என்று டிவியில் பேசினார்கள். அவன் ஏன் ஓட வேண்டும்? மூளை இல்லாதவர்கள்தான் ஓடுவார்கள். அவன் நிற்பான், பந்து ஓடும். முன்பு ஓடினான்தான். முன்பெல்லாம் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. இப்போது ஆட்டம் முதிர்ந்துவிட்டது. இதைப் புரிந்துகொள்ள எத்தனை பேருக்கு முடியும்?

முதல் பிரச்சினை அந்தப் போட்டோவில் வந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் பதினொரு பேரையும் நிறுத்திப் படம் எடுப்பார்களே, பார்த்திருப்பீர்கள். பின்வரிசை நிற்கும், முன்வரிசை ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி உட்காரும். எபிக்கு எப்போதும் முன்வரிசைதான், கோல்கீப்பருக்கு நேர் கீழே. இந்த சீசன் முதல் ஆட்டத்தில் அவன் போய்ப் பின்வரிசையில் நின்றுவிட்டான். போட்டோகிராபர் கையைக் காட்டிக் கீழே கூப்பிட்டார். இவன் அசையவில்லை. கோச் குமரகுரு சார் கோட்டுக்கு வெளியே இருந்து, "எபி, முன்னாடி வா" என்று குரல் கொடுத்தார். இவன் காதில் வாங்காத மாதிரி கேலரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் ஒரு டிபெண்டர் முணுமுணுத்துக்கொண்டே கீழே உட்கார்ந்தான். அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! எல்லோரும் சிரிக்கிறார்கள், இவன் மட்டும் நிமிர்ந்து, தாடையை இறுக்கிக்கொண்டு நிற்கிறான். எனக்குப் புல்லரித்தது. ஒருவர் ஏன் ஒரு கேமராவுக்காக மண்டியிட வேண்டும்? யார் போட்ட வழக்கம் இது? யோசித்துப் பாருங்கள்.

கோச் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு வங்கி அணிக்கு ஆடியவர். இப்போது ஒரு காலை லேசாக இழுத்து நடப்பார். தன்னால் ஆட முடியாததை இன்னொருவன் ஆடும்போது வயிறு எரியாதா? பயிற்சியின்போது அவர் எபியின் முகத்தைப் பார்க்க மாட்டார், காலையே பார்த்துக்கொண்டிருப்பார். நானே போய்ப் பார்த்திருக்கிறேன். ஓர் ஆளைக் கீழிருந்து மேலே பார்ப்பது என்ன பழக்கம்?

நிமிர்ந்து நிற்பது அவனுக்குத் திடீரென்று வந்ததில்லை. அதற்கு நானும் ஒரு காரணம் என்று நினைத்துக்கொள்வேன். படிக்கச் சொல்லி நிறையப் புத்தகம் கொடுத்திருக்கிறேன். சுயமரியாதை பற்றி, சமத்துவம் பற்றி. அவன் படித்தானா என்று நான் சோதிக்கவில்லை. ஆனால் பாருங்கள், எங்கள் சபையில் திருவிருந்து, அந்த அப்பமும் ரசமும், வாங்க எல்லோரும் முன்னே போய் வரிசையாக முழங்காலில் நிற்பார்கள். சின்ன வயதிலிருந்து தவறாமல் போனவன், போன வருஷம் போவதை நிறுத்திவிட்டான். ஆராதனைக்கு வருவான், கடைசி வரிசையில் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான், திருவிருந்துக்கு அழைக்கும்போது எழுந்து வெளியே போய்விடுவான். போதகர் அம்மாவிடம் வருத்தப்பட்டார். அம்மா அழுதார்கள். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன்? நம் வீட்டிலும் ஒருவன் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டான் என்று. அம்மாவிடம், "கடவுளுக்கு முன்னாடியே மண்டி போடாதவன், கோச்சுக்கு முன்னாடி போடுவானா?" என்று கேட்டேன்.

அம்மா என்ன சொன்னார்கள் தெரியுமா? "அவன வுடு ஹெப்சி. அவன் எங்க குந்தறான், எங்க நிக்கறான்னு நீ ஏன் பாத்துக்கினு இருக்க?" அவ்வளவுதான். அம்மாவுக்கும் அந்தக் கோச்சுக்கும் போன் பேச்சு இருக்கிறது என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

இந்த ஏசி எதற்கு இவ்வளவு குளிர வைக்கிறார்கள்?

அப்புறம் பை விவகாரம். வடகிழக்கிலிருந்து வந்த ஒரு கோல்கீப்பர் பையன், சுங்கா என்று பேர், எபியோடு ஒரே அறை. எபியின் பையை அந்தப் பையன் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதை யாரோ படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். "ஜூனியரைக் கூலியாக நடத்தும் நட்சத்திரம்." எவ்வளவு பெரிய பொய்! நான் சுங்காவையே நேரில் பிடித்துக் கேட்டேன். அவன் அரைகுறைத் தமிழில், "எபி பாய் நல்ல ஆளு. பை நானே கேட்டு வாங்கினேன்" என்றான். ஏன் கேட்டு வாங்கினாய் என்றால் தலையைக் குனிந்துகொண்டான். பார்த்தீர்களா? கேள்வி என்று வந்தால் தலை குனிகிறவன் எதையோ மறைக்கிறான். உள்ளே நடப்பதை வெளியே சொல்கிற ஆள் இவன்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கவுஹாத்தி போனபோது அறை மாற்றச் சொல்லி ஓட்டலில் சண்டை போட்டானாம். "நட்சத்திர வசதி கேட்கிறார்" என்று செய்தி. விஷயம் வேறொன்றுமில்லை. அந்த அறையில் இருந்தது குத்துக்கால் போட்டு உட்காரும் கக்கூஸ். இவன் கமோடு இருக்கும் அறை கேட்டான். நாட்டுக்காக ஆடுகிற தகுதி உள்ளவன் ஒரு கமோடு கேட்கக் கூடாதா, அக்கா? ஐரோப்பாவில் ஆடுகிறவர்கள் தனி விமானம் கேட்கிறார்கள்.

காலையில் பயிற்சிக்குத் தாமதமாக வருவான், உண்மை. மாற்று ஆளை இறக்கி இவனை வெளியே எடுத்தால், கோச்சிடம் கை கொடுக்காமல், பெஞ்சில் உட்காராமல், நேரே டிரெஸ்ஸிங் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான், அதுவும் உண்மை. நான் எதையும் மறைத்து வாதாடுகிறவள் இல்லை. அவன் முகம் அப்போது எப்படி இருக்கும் தெரியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு வெளுத்துப்போய். அவமானம் ஒரு மனிதனை அப்படி ஆக்கும். வெளியே எடுக்கப்படுவதை அவனால் தாங்க முடியாது.

வீட்டில் எப்படி என்கிறீர்களா? வீட்டிலும் அவனுக்கு யாருமில்லை என்றுதான் சொல்வேன். எங்களுடையது ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. கிளப்பில் லீவு கிடைத்தாலும் மேலே ஏறி வரமாட்டான். கீழே கேரம் கிளப் அறையிலேயே படுத்துக்கொள்வான். மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ்கட்டி வாங்கி வந்து கதவைச் சாத்திக்கொள்வான், வேனல் தாங்காது அந்த அறையில். சாப்பாட்டு வேளைக்கு ஒரு விசில் அடிப்பான். நான் தூக்குச்சட்டியைக் கூடையில் வைத்துக் கயிற்றில் இறக்குவேன். மேலே வந்து சாப்பிடேன் அண்ணா என்றால், "நீ கூடைய எறக்கு பாப்பா" என்பான், சிரித்துக்கொண்டு. என்ன கோபம் அவனுக்கு எங்கள் மேல்? அப்பா இருந்தபோது ஏதாவது சொல்லியிருப்பாரோ என்று யோசித்துப் பார்த்தேன். அம்மாவைக் கேட்டால் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

எல்லாம் எப்போது ஆரம்பித்தது என்று கேளுங்கள், சொல்கிறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், எங்கள் ஏரியாவில் நினைவுக் கோப்பை நடந்தது. செத்துப்போன பழைய ஆட்டக்காரர் பேரில் வருஷாவருஷம் நடத்துவார்கள். மண் தரை, கல் தரை என்றே சொல்லலாம். கிளப் ஒப்பந்தம் போட்டவர்கள் அதில் ஆடக் கூடாது. ஆனால் எங்கள் பக்கத்தில் பைனல் என்றால் எந்தப் பெரிய ஆட்டக்காரனும் இறங்கித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் தெருவில் தலை காட்ட முடியாது. எபி பனியனை மாற்றிப் போட்டுக்கொண்டு, பேரை மாற்றிக் கொடுத்து இறங்கினான். கடைசி நேரத்தில் ஒரு கோல் போட்டான் பாருங்கள், அந்தரத்தில் திரும்பி, காலை வீசி. இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. விழுந்தவன் உடனே எழுந்திருக்கவில்லை. பையன்கள் எல்லாம் மேலே விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தோளில் தூக்கி வைத்துத்தான் வீடுவரை கொண்டுவந்தார்கள், அவன் தரையில் கால் வைக்கவே இல்லை. அந்தக் கோலுக்குப் பிறகுதான் எபிக்குத் திமிர் ஏறிவிட்டது என்று எங்கள் ஏரியாவிலேயே பேசுகிறார்கள். நன்றாக ஆடினால் பொறாமை, அதுதான் வேறென்ன.

சரி, அனுப்பிய கதைக்கு வருகிறேன். அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் குமரகுரு சார் இவனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வெகுநேரம் பேசியிருக்கிறார்கள். வெளியே வரும்போது அவர் கை எபியின் தோளில் இருந்ததாம், சுங்கா சொன்னான். வெளியே தள்ளுகிறவர் எதற்காகத் தோளில் கை போட வேண்டும்? சுத்த நடிப்பு. மறுநாள் நிர்வாகம் அறிக்கை விட்டது, கோச்சின் பரிந்துரைப்படி, ஒழுங்கீனம். எபி வாயைத் திறக்கவில்லை. திமிர் பிடித்தவன் என்றால் இந்நேரம் கோச்சின் சட்டையைப் பிடித்திருக்க மாட்டானா? அவன் பையைத் தூக்கிக்கொண்டு, சுங்காதான் தூக்கினான், கேரம் கிளப்புக்கு வந்துவிட்டான். அன்று ராத்திரி கூடையை இறக்கியபோது கீழே பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அதிர்ச்சியில் சிலர் அப்படி ஆகிவிடுவார்கள் என்று படித்திருக்கிறேன்.

அடுத்த வாரமே மலப்புறத்திலிருந்து ஷம்சு என்று ஓர் ஏஜென்ட் வந்தார். அந்தப் பக்கத்தில் ஒரு கிளப் எபியை எடுத்துக்கொள்ளத் தயாராம். ஜனவரி முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும், உடல் சோதனைக்கெல்லாம் நேரமில்லை, நேரே வந்து ஆடினால் போதும். அங்கே ஒரு சீசன் ஆடிவிட்டால், அங்குள்ள ஓர் அரசுத் துறை அணியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கித் தருவதாகவும் பேச்சு. நிரந்தர வேலை. ஆட்டம் நின்ற பிறகும் நாற்காலி இருக்கும். நான்தான் கேட்டேன், இவன் மேல் இவ்வளவு புகார் இருக்கிறதே, உங்களுக்குப் பரவாயில்லையா என்று. அவர் சிரித்துவிட்டு, "திமிரு இருக்கட்டும் மோளே. திமிரை நாங்க பார்த்துக்கறோம். கால் இருக்கில்லே?" என்றார்.

எபி கையெழுத்துப் போடத் துடித்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. கெட்ட பேரோடு ஊரைவிட்டு ஓடிப்போய் ஆடுவதா? குற்றவாளி மாதிரி? உன் பேரைத் துடைத்துவிட்டுப் போ என்றேன். அவன், "பாப்பா, பேர வச்சு நான் இன்னா பண்ணப்போறேன்?" என்றான். பார்த்தீர்களா, எவ்வளவு தூரம் நொறுக்கியிருக்கிறார்கள்! தன் பேருக்கு மதிப்பில்லை என்று அவனையே நம்ப வைத்துவிட்டார்கள். அவன் பேசமாட்டான் என்றால் நான்தானே பேச வேண்டும்?

பேசினேன். எங்கள் மைதானத்தில் நின்று, அந்தப் போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு வீடியோ. "எபி மண்டியிட மாட்டான்" என்று தலைப்பு. ஒரே நாளில் எங்கெங்கோ போய்விட்டது. பையன்கள் அந்த வாசகத்தை டீ-ஷர்ட்டில் அடித்துப் போட்டுக்கொண்டார்கள். கேலரியில் பேனர் கட்டினார்கள். மூன்றாவது நாள் ஒரு யூடியூப் சேனல் விவாதத்துக்குக் கூப்பிட்டது. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நிர்வாகம் அனுப்பிய குமரகுரு சார்.

அக்கா, அந்த விவாதத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அவரால் ஒன்றையும் நிலைநாட்ட முடியவில்லை. தாமதம் என்றார், தாமதமாக வந்தவன் எத்தனை கோலுக்கு வழி செய்தான் என்றேன். போட்டோ என்றார், மண்டியிடுவது ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்றேன். பை என்றார், சுங்கா எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி வைத்தேன். கடைசியில் அவர் கையில் எதுவுமே இல்லை. தொகுப்பாளர் கேட்டார், இதெல்லாம் காரணமில்லை என்றால் வேறு என்ன சார், உடம்பில் ஏதாவதா என்று. குமரகுரு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒழுங்கீனம்தாங்க. அதோட விட்டுருங்க" என்றார்.

விடுவேனா? பதில் இல்லாத இடத்தில்தானே பொய் இருக்கிறது. "உடம்பா? வைங்க மெடிக்கல்" என்றேன். "எங்க வேணாலும் ஸ்கேன் எடுக்கிறோம். முடிவை எல்லாருக்கும் காட்டணும், மூடி மறைக்கக் கூடாது. ஒண்ணுமில்லேன்னா எங்க அண்ணனைத் திரும்ப எடுத்துக்கணும். சம்மதமா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பயத்தில் வெலவெலத்துப் போய்விட்டார் என்று நினைத்தேன். கேமரா இருப்பதையே மறந்த மாதிரி, மெதுவாக, "வேணாம்மா. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாம்மா" என்றார். நான் கேமராவைப் பார்த்து, "பயப்படுறாங்க, எல்லாரும் பார்த்துக்கங்க" என்றேன்.

மறுநாள் நிர்வாகம் இறங்கி வந்துவிட்டது. ஸ்கேன் சரியாக இருந்தால் எபியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், முடிவை வெளியிடுகிறோம் என்று அறிக்கை. எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். நான் ஜெயித்துவிட்டேன் அக்கா, புரிகிறதா? எம்.ஏ. முடிப்பதற்குள் ஒரு கிளப்பைப் பணிய வைத்தவள் எங்கள் பல்கலைக்கழகத்தில் நான் ஒருத்திதான்.

கீழே போய் எபியிடம் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று சாப்பாட்டுக்கு விசில் வரவில்லை. கூடை அப்படியே மேலே இருந்தது. அம்மா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு தானே படியிறங்கிப் போனார்கள். ஷம்சு போன் செய்தார். ஸ்கேன் வரட்டும் மோளே, அப்புறம் பார்க்கலாம் என்றார். கையெழுத்து என்னாச்சு என்றால், "இனி நாங்களும் படத்தைப் பார்த்துட்டுத்தானே போட முடியும்? நீதானே எல்லாருக்கும் காட்டறேன்னு சொன்னே" என்றார். திமிரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வீரம் பேசியவர்! ஸ்கேன் வேண்டாம், எனக்குப் போக மனமில்லை என்று எபி சொல்லிப் பார்த்தான். இப்போது எப்படிப் பின்வாங்குவது? ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. போகாவிட்டால் அவர்கள் சொன்னதுதான் உண்மை என்று ஆகிவிடாதா என்று கேட்டேன்.

ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது? ஒன்றுமில்லாத காலைப் படம் எடுக்க இவ்வளவு நேரமா? உங்கள் மாமியார் குளிரில் நடுங்குகிறார்கள் பாருங்கள். நான் எழுந்து கேட்கட்டுமா? வேண்டாம், அந்த ரிசப்ஷன் ஆள் மறுபடி என்னைப் பார்க்கிறார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. இரக்கப்படுகிற மாதிரி. குமரகுரு சாரும் இப்படித்தான் பார்த்தார்.

காலையில் வரும்போது ஆட்டோவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வெளி ஆள், பாரபட்சமில்லாமல் சொல்வீர்கள். ஸ்கேன் முடிவு வந்ததும் பத்திரிகைக்காரர்களிடம் என்ன பேச வேண்டும் என்று வழிநெடுக அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்தேன். அவன் ஒரு காலை ஆட்டோவுக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, கேட்கிறானா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். எனக்கு ஒரு கட்டத்தில் கோபம் வந்துவிட்டது. இத்தனை நாளாக உனக்காக ஊரோடு சண்டை போடுகிறேன், நீ ஒரே ஒரு தடவை, உன் வாயால், எனக்கு நடந்தது அநியாயம் என்று சொல்லேன் என்றேன். அப்போதுதான் பேசினான். அத்தனை நாளில் இதைப் பற்றி முதல் தடவை. அதை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்றுதான் அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கோச்சா, அம்மாவா, அந்தச் சுங்காவா? அவனாகப் பேசுகிற பேச்சு இல்லை அது. இருக்க முடியாது. நீங்களே கேட்டுச் சொல்லுங்கள். என் முகத்தைப் பார்க்காமல், வெளியே நீட்டிய காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"ஒழுங்கீனம்னு போடுங்கன்னு குரு சார்கிட்ட கேட்டதே நான்தான் பாப்பா. திமிர் புடிச்சவன இன்னொரு கிளப்பு எடுக்கும். முட்டி போனவன எவன் எடுப்பான்? மண்டி போட்டே கெஞ்சியிருப்பேன். மடங்கல, நின்னுக்கினே கெஞ்சினேன்."